மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி: மொன்றியலில் தொடங்கிய இரண்டு கலாநிதிப் பட்ட ஆய்வுகள்

சில வருடங்களுக்கு முன் எமக்கு மாமா முறையான ஒருவருக்கு மொழிபெயர்ப்பதற்காக மொன்றியலில் ஒரு வைத்தியசாலைக்குப் போயிருந்தோம். மாமாவுக்கு அப்போது வயது எழுபத்துநான்கு. ஊரில் கமம் செய்தவர். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலமும் 'யெஸ்', 'நோ'வுக்கு மேல் போகாது. புரொஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. இளம் வைத்தியர் பொறுமையாகத்தான் விளக்கினார். இடையில் ஒரு சொல் வந்தது. அதை நேரே தமிழில் சொன்னால் 'காயடித்தல்'. கத்தியால் அல்ல, ஊசி மருந்தால்.

"என்னவாம் தம்பி?" என்று மாமா எம்மைப் பார்த்தார்.

நாம்பன் மாட்டுக்குச் செய்வதை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல எமக்கு நா எழவில்லை. "ஓமோனைக் குறைக்கிற ஊசியாம் மாமா. மூன்று மாதத்துக்கு ஒருக்கா போடவேணுமாம்" என்று முடித்துவிட்டோம். ஊசிக்கு முன்னால் தொடங்கும்படி ஒரு குளிசையும் எழுதித் தந்தார்கள். அது எதற்கு என்று எமக்கே விளங்கவில்லை. நாம் கேட்கவும் இல்லை. ஊசிதானே மருந்து என்று மாமா அந்தக் குளிசையைப் போடாமல் விட்டுவிட்டார். முதல் இரண்டு வாரமும் முதுகு நோவில் மனிதர் துடித்துப் போனார்.

நாம் கணக்காளர். படித்தது வணிகம். ஆனாலும் அந்த இரண்டு வாரத்தின் பிறகு இந்த ஊசி எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. படித்துக்கொண்டு போனபோது, இந்த மருந்தின் அடி எமது நகரத்திலேயே, ஒரு அகதி இளைஞர் செய்த கலாநிதிப் பட்ட ஆய்வில் இருக்கிறது என்று கண்டோம். எம்மவர் குடும்பங்களில் இந்த நோய் வந்தவர்கள் பலர். வெளியில் சொல்பவர்கள் சிலர். அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

சுரப்பியும் ஓமோனும்

புரொஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. ஊரில் உயிரியல் படித்தவர்கள் 'முன்னிற்கும் சுரப்பி' என்பார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஒரு பெரிய கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும். விந்தோடு சேரும் திரவத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. அது வளர்வதும் வேலை செய்வதும் விதைகளில் உற்பத்தியாகும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஓமோனின் தயவில்.

அந்தச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோயும் அதே ஓமோனைத்தான் நம்பியிருக்கிறது என்பதை 1941இல் காட்டியவர் சார்ள்ஸ் ஹகின்ஸ். கனடாவின் ஹலிபக்ஸ் நகரில் பிறந்து சிக்காகோவில் வேலை செய்தவர். விதைகளை அகற்றியதும், அல்லது பெண் ஓமோனைக் கொடுத்ததும், பரவிய நோய் சுருங்கியது. புற்றுநோய் தன்போக்கில் வளர்வது, அதை வெட்டலாம் அல்லது எரிக்கலாம், வேறு வழியில்லை என்று நம்பிய காலம் அது. ஹகின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் நோயாளிக்கு முன்னால் இருந்த இரண்டு வழியும் கடினமானவை. ஒன்று சத்திரசிகிச்சை. மற்றது இரத்தம் உறைந்து மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் கொண்டுவரக்கூடிய பெண் ஓமோன் மருந்து. நாற்பது வருடங்கள் இப்படியே போயின.

மலையடிவாரத்தில் ஒரு அகதி

அன்ட்ரூ ஷாலி 1926இல் வில்னோ என்ற போலந்து நகரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸ். பிறந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க நாடு மாறிப்போவது எப்படி என்று எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தகப்பனார் போலந்து ஜனாதிபதியின் அலுவலகத்தில் உயர் பதவியில் இருந்த இராணுவ அதிகாரி. 1939 செப்டெம்பரில் ஒரு பக்கத்தால் ஜேர்மனியும் மறு பக்கத்தால் சோவியத் ஒன்றியமும் நுழைந்தபோது குடும்பம் ருமேனியாவுக்குத் தப்பியது. பையனுக்கு வயது 12. யுத்தம் முடியும்வரை ருமேனியாவில். பிறகு இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஸ்கொட்லாந்துக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தை முடித்து, லண்டனில் இரசாயனம் படித்து, மில் ஹில்லில் இருந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராக வேலை செய்தார். 1952இல் மொன்றியலுக்கு வந்து இறங்கினார்.

மக்கில் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்ந்தவர் ஆய்வு செய்த இடம், மவுண்ட் ரோயல் சரிவில் ரோயல் விக்டோரியா வைத்தியசாலையோடு சேர்ந்திருந்த அலன் மெமோரியல் மனநல நிலையம். அந்தப் பெயரைக் கேட்டால் மொன்றியலில் பழையவர்கள் முகம் சுளிப்பார்கள். அமெரிக்க உளவுத்துறையின் பணத்தில் மனநோயாளிகள் மேல் கொடுமையான பரிசோதனைகள் நடந்த இடம் அது. ஷாலி அங்கிருந்து புறப்பட்ட 1957இல்தான் அந்தப் பணம் வரத் தொடங்கியது. ஒரே கட்டடத்தின் வரலாற்றில் இரண்டு ஏடுகள்.

ஷாலியின் கேள்வி இதுதான். மூளையின் அடியில் தொங்கும் கபச்சுரப்பி உடலின் மற்றச் சுரப்பிகளுக்குக் கட்டளை இடுகிறது. கபச்சுரப்பிக்குக் கட்டளை இடுவது யார்? அதற்கு மேலே உள்ள ஐப்போதலமஸ் என்ற மூளைப் பகுதி ஏதோ ஒரு இரசாயனத்தை இரத்தம் வழியாக அனுப்புகிறது என்று இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹரிஸ் சொல்லிவந்தார். அந்த இரசாயனத்தை யாரும் கண்டதில்லை. ஷாலியும் அவருடைய வழிகாட்டி மறி சஃப்ரனும் கபச்சுரப்பித் துண்டுகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரோடு வைத்து, மூளைத் திசுவின் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். கபச்சுரப்பி ஓமோனைச் சுரந்தது. 1955இல் கனடியச் சஞ்சிகை ஒன்றில் அதை வெளியிட்டார்கள். 1957இல் ஷாலிக்குப் பட்டம் கிடைத்தது.

மலையின் மறுபக்கத்தில், பிரெஞ்சு மொழி மொன்றியல் பல்கலைக்கழகத்தில், இன்னொருவர் இருந்தார். பிரான்சின் டிஜோன் நகரில் 1924இல் பிறந்த ரொஜே கியிமன். மன அழுத்தம் என்று இன்று எல்லோரும் பேசுகிற விஷயத்தை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த ஹான்ஸ் செலியேயின் மாணவர். மொன்றியலில் இருந்தபோது மூளைக் காய்ச்சல் வந்து சாகக் கிடந்தார். பராமரித்த தாதியையே 1951இல் திருமணம் செய்தார். 1953இல் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போனவர், 1955இல் ஷாலி கண்டதையே தனியாகக் கண்டார். 1957இல் ஷாலியைத் தன்னிடம் அழைத்துக்கொண்டார். ஐந்து வருடங்கள் சேர்ந்து தேடியும் அந்த இரசாயனம் அகப்படவில்லை. மனக்கசப்போடு பிரிந்தார்கள். ஷாலி 1962இல் நியூ ஓர்லியன்ஸ் போனார். அடுத்த பதினைந்து வருடமும் விஞ்ஞான உலகமே வேடிக்கை பார்த்த போட்டி.

ஐப்போதலமஸில் இந்த இரசாயனங்கள் இருப்பது தூசியிலும் குறைந்த அளவு. கியிமன் செம்மறி ஆட்டு மூளைகளைச் சேர்த்தார். ஏறத்தாழ 3 லட்சம் ஆட்டு ஐப்போதலமஸில் இருந்து அவருக்குக் கிடைத்த தூய இரசாயனம் 1 மில்லிகிராம். ஷாலி பன்றி மூளைக்குப் போனார். ஒஸ்கார் மேயர் என்ற இறைச்சிக் கொம்பனி அவருக்கு லட்சக்கணக்கில் கொடுத்து உதவியது. இந்த வரவு செலவை எவரும் எம்மிடம் கொண்டுவந்து தந்திருந்தால் நாம் கையெழுத்து வைத்திருக்க மாட்டோம். பணம் கொடுத்த அரசாங்க நிறுவனமும் 1969இல் பொறுமையிழக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த வருடம்தான் முதலாவது இரசாயனத்தின் அமைப்பை இருவரும் கண்டறிந்தார்கள். 1971இல் ஷாலியின் குழு இரண்டாவதைப் பிரித்தது. ஜப்பானியர்களான அரிமுரா, மட்சுவோ, பாபா ஆகியோரின் கை அதில் பெரிது. பத்து அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை போன்ற அந்த ஓமோனுக்கு எல்.எச்.ஆர்.எச். என்று பெயர்.

1977இல் நோபல் பரிசு. பாதி, இரத்தத்தில் நுண்ணிய அளவு ஓமோனையும் அளக்கும் முறையைத் தந்த ரோசலின் யாலோ அம்மையாருக்கு. மீதிப் பாதியை மொன்றியலில் பட்டம் பெற்ற இரண்டு எதிரிகளும் ஆளுக்குக் காலாகப் பங்கிட்டார்கள். இருவருடைய மாணவ கால ஆய்வும் தேடிய அந்த முதல் இரசாயனமோ கடைசிவரை இருவர் கையிலும் அகப்படவில்லை. அதை 1981இல் கண்டவர் வேறொருவர், வைலி வேல்.

தட்டினால் திறக்கும், தட்டிக்கொண்டே இருந்தால் பூட்டிவிடும்

எல்.எச்.ஆர்.எச். மூளையில் இருந்து தொடர்ந்து ஒழுகுவதில்லை. ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறு துடிப்பாக வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் கபச்சுரப்பி பதில் சொல்கிறது. அந்தப் பதில் விதைகளுக்குப் போக, டெஸ்டோஸ்டெரோன் உற்பத்தியாகிறது. இதைக் கண்டவர்கள் பிள்ளைப்பேறு இல்லாதவர்களுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே முதலில் எண்ணினார்கள். இயற்கை ஓமோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதால், ஆறாவது அமினோ அமிலத்தை மாற்றி, பலமும் ஆயுளும் கூடிய செயற்கை வடிவங்களைச் செய்தார்கள்.

ஆனால் நடந்தது நேர்மாறு. பலமான மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது சுரப்பு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. 1978இல் ஏர்ணஸ்ட் நோபிலின் குழு குரங்குகளில் தெளிவாகக் காட்டியது: மணிக்கு ஒரு துடிப்பாகக் கொடுத்தால் கபச்சுரப்பி வேலை செய்கிறது, இடைவிடாமல் கொடுத்தால் நிறுத்திவிடுகிறது. வாசல் கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் வந்து திறப்பார். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். கபச்சுரப்பியின் கலங்கள் தம் மேற்பரப்பில் உள்ள வாங்கிகளை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கட்டளை வந்தாலும் கேட்க ஆள் இல்லை.

விதைகள் ஓய்ந்துவிடும் என்றால் ஹகின்ஸ் கத்தியால் செய்ததை ஊசியால் செய்யலாமே. இதை நோயாளிகளில் பார்த்த முதல் ஆய்வுகளில் ஒன்று, ஷாலி மாணவனாக இருந்த அதே மலைச் சரிவில், மக்கிலின் ரோயல் விக்டோரியா வைத்தியசாலையில் நடந்தது. ஜோர்ஜ் டோலிஸ் என்ற வைத்தியர் நடத்தினார். 1982இல் வெளியான கட்டுரையில் ஷாலியின் பெயர் கடைசியாக இருக்கிறது. நோயாளிகள் 10 பேர். நால்வருக்கு நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. சிலருக்குத் தினமும் தோலுக்குக் கீழே ஊசி, சிலருக்கு மூக்கு வழியாக மருந்து. மூன்றாவது வாரத்தில் டெஸ்டோஸ்டெரோன் சராசரி 75 வீதம் இறங்கியிருந்தது. சிறுநீர் அடைப்பு இருந்தவர்களுக்கு இளகியது. எலும்பு நோவு தணிந்தது. இன்று லூப்ரோன், எலிகார்ட், ஸொலாடெக்ஸ், டிரெல்ஸ்டார் என்று பல பெயர்களில், மாதத்துக்கு ஒன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒன்று வரை போடும் ஊசிகள் எல்லாம் இந்தக் குடும்பம்.

இப்போது மாமா போடாமல் விட்ட குளிசைக்கு வருவோம். தட்டத் தொடங்கியவுடன் வீட்டுக்காரர் முதலில் ஓடிவரத்தான் செய்வார். ஊசி போட்ட முதல் ஒன்று, இரண்டு வாரங்களில் டெஸ்டோஸ்டெரோன் குறைவதற்குப் பதில் கூடுகிறது. எலும்பில் நோய் உள்ளவருக்கு அந்த ஏற்றம் நோவைக் கூட்டும். முள்ளந்தண்டில் கட்டி இருந்தால் முண்ணாணை நெரித்துக் கால் விழவும் கூடும். அந்த இடைவெளியில் ஓமோன் புற்றுநோய்க் கலத்தைத் தொடாமல் மறிப்பதற்கே அந்தக் குளிசை. ஒரேயொரு வசனத்தில் சொல்லக்கூடிய விஷயம். நாம் கேட்டிருந்தால் வைத்தியர் சொல்லியிருப்பார். பின்னாளில் வந்த டெகரெலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் குளிசையும் கதவையே நேரே அடைத்துவிடுபவை. அவற்றில் இந்த ஆரம்ப ஏற்றம் இல்லை.

கலத்துக்குள் இருக்கும் பூட்டு

டெஸ்டோஸ்டெரோன் புரொஸ்டேட் கலத்துக்குள் போய் இன்னும் பலமான வடிவமாக மாறி, அன்ட்ரோஜன் வாங்கி என்ற புரதத்தோடு பொருந்துகிறது. சாவியும் பூட்டும் போல. பொருந்தியதும் அந்தப் புரதம் கலத்தின் கருவுக்குள் போய் டி.என்.ஏ.யில் குறித்த இடங்களில் ஒட்டி, வளர்ச்சிக்கான பரம்பரை அலகுகளை இயக்குகிறது. இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதமும் அப்படி இயக்கப்படுகிற ஒன்றுதான். ஓமோன் குறைய அந்த எண்ணும் விழுவது அதனால். இந்த வாங்கியைச் செய்யும் பரம்பரை அலகு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். அதை ஒரு ஆண்மகன் தாயிடம் இருந்து மட்டுமே பெறுகிறான். ஆண்மை பற்றி வீரம் பேசுபவர்கள் கவனிக்க.

ஊசி நோயை அழிப்பதில்லை, பட்டினி போடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில், பலருக்கு வருடக்கணக்கில் அடங்கிக் கிடக்கும் நோய் பிறகு ஒருநாள் எழுகிறது. முன்பு, நோய் ஓமோனை விட்டு விடுதலையாகிவிட்டது என்றே எண்ணினார்கள். மூலக்கூற்று உயிரியல் காட்டியது வேறு. சில கலங்கள் வாங்கியைப் பன்மடங்காகச் செய்து, மிஞ்சியிருக்கும் சொட்டு ஓமோனையும் பிடிக்கின்றன. சில, ஓமோனைத் தாமே உற்பத்தி செய்கின்றன. சிலவற்றில் பூட்டே விகாரமடைகிறது. 1990இல் கண்ட ஒரு விகாரத்தில், பூட்டை அடைக்கக் கொடுத்த ஃபுளுட்டமைட் என்ற குளிசையே அதைத் திறக்கும் சாவியாகிவிட்டது. அப்படிப்பட்ட சிலரில் குளிசையை நிறுத்தியதும் பி.எஸ்.ஏ. இறங்கியது.

விதைகள் ஓய்ந்தாலும் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பிகள் ஆண் ஓமோனைக் கொஞ்சம் சுரக்கின்றன, அதையும் மறிக்க வேண்டும் என்று 1980களிலேயே விடாப்பிடியாக நின்றவர் கியூபெக் நகரில் லவால் பல்கலைக்கழகத்தின் ஃபெர்னான் லப்ரி. டோலிஸின் 1982ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அவர் பெயர் உண்டு. அவர் சொன்ன முறையின் நன்மை சிறியது என்றே 27 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த 2000ஆம் ஆண்டுக் கணக்கு காட்டியது. ஆனால் அடிப்படை எண்ணம் பிழையில்லை. அந்த உற்பத்தியை நொதியத்திலேயே நிறுத்தும் அபிராடெரோன் 2011இலும், பூட்டை இறுக்கி அடைக்கும் என்சலுடமைட் 2012இலும் அமெரிக்காவில் பாவனைக்கு வந்தன. நோய் எழுந்த பின்னரும் பலருக்கு ஆயுளைக் கூட்டித் தருகின்றன.

நண்பர் ஒருவரின் மகள் இதே துறையில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறா. ஐந்தாவது வருடம். கலியாண வீடுகளில் "இன்னும் படிச்சுக்கொண்டோ இருக்கிறா?" என்று கேட்பவர்களுக்குத் தாய் பதில் சொல்லிக் களைத்துவிட்டா. 1977இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவில் இருந்து எடுத்து இன்றுவரை உலகெங்கும் வளர்த்துவரும் கலங்களைத்தான் பிள்ளை தினமும் பார்க்கிறா. மேலே சொன்ன விகாரமடைந்த பூட்டு உள்ள கலங்கள் அவை. மக்கிலில் வின்சன்ட் ஜிகேரின் குழு, கலத்தின் சத்துக் கணக்கைப் பார்க்கும் எம்-டோர் என்ற புரதம் கருவுக்குள்ளேயே நுழைந்து அன்ட்ரோஜன் வாங்கியோடு சேர்ந்து வேலை செய்வதை 2017இல் காட்டியது. அதற்கு என்ன பயன் என்று பிள்ளையிடம் கேட்டோம். "தெரியாது மாமா. தெரிஞ்சால் ஏன் ஆராய்ச்சி?" என்றா. ஷாலியின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்து அந்தப் பத்து நோயாளிகளுக்கு 27 வருடம் என்று நாம் கூட்டிக் கழித்துச் சொன்னோம்.

ஊசி போடுபவர்கள் வீட்டில்

ஊசிக்கு விலை உண்டு. உடல் திடீரென்று வெந்து வியர்க்கும். ஆசை குறையும். தசை கரையும், வயிறு வைக்கும், எலும்பு மெலியும், மனம் சோரும். எம்மவருக்கு முக்கியமானது சீனி வருத்தம். 73,000க்கு மேற்பட்ட முதிய ஆண்களை வைத்து 2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, இந்த ஊசி போடுபவர்களில் நீரிழிவும் இருதய நோயும் கூடுவதைக் காட்டியது. சீனி, கொழுப்பு, எலும்பு அடர்த்தி மூன்றையும் எப்போது பார்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். நடையும் பாரம் தூக்கும் பயிற்சியும் உண்மையில் உதவுகின்றன. மனைவிமாருக்கும் சொல்லுங்கள். மனிதர் வெறுத்துவிட்டார் என்று உள்ளுக்குள் அழுத ஒருவரை நாம் அறிவோம்; அவருக்கு ஊசியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

கியிமன் 2024 பெப்ரவரியில் தமது நூறாவது வயதிலும், ஷாலி அதே வருடம் ஒக்டோபரில் 97ஆவது வயதிலும் காலமானார்கள். ஷாலி கடைசிக் காலம்வரை ஆய்வுகூடத்தை விடவில்லை.

மாமாவுக்கு இரண்டரை வருடம் அடங்கியிருந்த பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது. அறிக்கையில் அந்தச் சொல் மறுபடி வந்தது: காயடித்தும் அடங்காத நோய். இந்த முறை நாம் மறைக்காமல் சொன்னோம். முதல்முறை சொல்லாமல் விட்டதையும் சொன்னோம். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி. எனக்கு மாடு தெரியாதோ?" என்றார். இப்போது ஊசியோடு அபிராடெரோனும் நடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் நாலு குளிசை. போட்டு ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றும் சாப்பிடக்கூடாது. மாமி மணிக்கூட்டைப் பார்த்துத்தான் புட்டு அவிக்கிறா.